முதிர்ந்தும் முதிராத சவ்வு: எச்எல்-60 லுகேமியா செல்களில் நடக்கும் கொழுப்பு மாற்றங்கள்

ரத்தப் புற்றுநோயை ஆராயும் ஆய்வகம் எதுவானாலும் அங்கே எச்எல்-60 என்ற பெயர் தெரியாதவர் இருக்க மாட்டார். தீவிர லுகேமியாவால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் நோயாளியின் ரத்தத்திலிருந்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பிரித்து வளர்க்கப்பட்ட செல் வரிசை அது. ஸ்டீவன் காலின்ஸ், ராபர்ட் கேலோ, ராபர்ட் கல்லகர் ஆகியோர் 1977-இல் அதை அறிவித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற சாதாரணக் கரைப்பானைக் கொஞ்சம் சேர்த்தால் இந்தச் செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு, கிருமிகளை விழுங்கும் வெள்ளை ரத்த அணுவான நியூட்ரோஃபில் போல முதிர ஆரம்பிக்கின்றன என்பதும் தெரிந்துவிட்டது. புற்றுநோய் செல்லைக் கொல்லாமல், அது பாதியில் விட்ட வளர்ச்சியை முடிக்கச் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு மனித செல்லில் கிடைத்த முக்கியமான ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

இந்த முதிர்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை மரபணுக்களையும் புரதங்களையும் பற்றியவை. இந்த நிகழ்வு ஆய்வில் நான் பார்க்க விரும்புவது சவ்வை. செல் முதிரும்போது அதன் சவ்வுக் கொழுப்புகள் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றம் முதிர்வுக்குக் காரணமா விளைவா, கடைசியில் சவ்வு முழுதாக முதிர்கிறதா என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்த 'இல்லை'க்குள் இருக்கும் விவரம்தான் என்னை இந்த ஆய்வை எழுத வைத்தது.

செல்லின் பின்னணி

எச்எல்-60-ஐ முதலில் தீவிர புரோமைலோசைட் லுகேமியா (நியூட்ரோஃபிலின் பாதி முதிர்ந்த முன்னோடி செல்லின் புற்றுநோய்) என்றே வகைப்படுத்தினார்கள். பிறகு 1988-இல் மூல நோயாளியின் மாதிரிகளை மறுபடி ஆராய்ந்து, அது கொஞ்சம் முதிர்வு தெரியும் மைலோபிளாஸ்ட் லுகேமியா, அதாவது எம்2 வகை, என்று திருத்தினார்கள். புரோமைலோசைட் லுகேமியாவின் அடையாளமான, 15-ஆம் 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் கோளாறு இதில் கிடையாது. இங்கே மிக் என்ற மரபணு பல மடங்கு பெருகியிருக்கிறது, பி53 மரபணு இல்லவே இல்லை, என்ராஸ் மரபணுவிலும் திடீர் மாற்றம் இருக்கிறது. வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாயிக் அமிலத்துக்கு இந்தச் செல் பணிந்து முதிர்வதையும் புரோமைலோசைட் லுகேமியா நோயாளிகள் பணிவதையும் ஒரே இயக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் பலர் இங்கே வழுக்கிவிடுகிறார்கள்.

இந்தச் செல்லை ஆய்வுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் இரட்டைத் திறமை. டைமெத்தில் சல்ஃபாக்சைடோ ரெட்டினாயிக் அமிலமோ கொடுத்தால் நியூட்ரோஃபில் பக்கம் போகும். ரெட்டினாயிக் அமிலத்தின் இந்த விளைவை 1980-இல் பிரெயிட்மன் குழு காட்டியது. ஃபோர்பால் எஸ்டர் என்ற தாவரப் பொருளைக் கொடுத்தால் ஓரிரு நாளில் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, திசுக்களில் வாழும் விழுங்கு செல்லான மேக்ரோஃபேஜ் போல ஆகிவிடும். வைட்டமின் டி3-இன் செயல்படும் வடிவத்தைக் கொடுத்தால், மேக்ரோஃபேஜின் முன்னோடியான மானோசைட் பக்கம் திரும்பும். ஒரே செல்லிலிருந்து புறப்பட்டு வேறு வேறு இடங்களுக்குப் போவதால், எந்தக் கொழுப்பு மாற்றம் முதிர்வு எல்லாவற்றுக்கும் பொது, எது ஒரு குறிப்பிட்ட பாதைக்கு மட்டும் உரியது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. வேறு எந்த லுகேமியா செல்லும் இந்த வசதியை இவ்வளவு தாராளமாகத் தருவதில்லை.

முதிர்ந்ததா இல்லையா என்று பார்க்கப் பழக்கத்தில் இருக்கும் சோதனைகள் சில உண்டு. உட்கரு வளைந்து மடல்களாகப் பிரிகிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிடி11பி என்ற மேற்பரப்புப் புரதம் தோன்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் என்பிடி சோதனை: மஞ்சள் நிறச் சாயக் கரைசலில் செல்லை வைத்துத் தூண்டினால், சூப்பராக்சைடு (கிருமிகளைக் கொல்ல உதவும் வீரியமான ஆக்சிஜன் வடிவம்) உண்டாக்கும் செல்லுக்குள் கருநீலப் படிவு விழும். சுமார் 1.25 சதவீத டைமெத்தில் சல்ஃபாக்சைடில் ஐந்தாறு நாள் வைத்த எச்எல்-60 செல்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனைகளில் தேறிவிடும். தேறியதும் அவற்றை 'நியூட்ரோஃபில் போன்ற செல்' என்று பெயரிட்டு அடுத்த பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறோம். சவ்வின் கொழுப்பு என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

உற்பத்தி குறைகிறது, சவ்வு இறுகுகிறது

பெருகிக்கொண்டே இருக்கும் லுகேமியா செல்லுக்குச் சவ்வு நிறையத் தேவை. ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் பிளாஸ்மா சவ்வு, எண்டோபிளாசக் கூடு, மைட்டோகாண்ட்ரியா என அத்தனையின் கொழுப்பும் இரட்டிப்பாக வேண்டும். அதனால் சவ்வின் முக்கியக் கொழுப்பான பாஸ்ஃபோலிப்பிடும் கொலஸ்ட்ராலும் தொடர்ந்து தயாராகிக்கொண்டே இருக்கும். தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் செல்கள் எல்டிஎல் கொலஸ்ட்ரால் துகள்களை வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சுகின்றன என்பது 1980-களிலேயே பதிவான ஒன்று.

கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 1980, 1981 ஆண்டுகளில் எச்எல்-60-இல் செய்த வேலை இங்கே அடிப்படை. முதிர்வைத் தூண்டும் பொருள்களைக் கொடுத்தால் ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்பு) தயாரிப்பும் பாஸ்ஃபோலிப்பிட் தயாரிப்பும் குறைகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். முதிரும் செல்லின் சவ்வு இளகுதன்மை குறைந்து சற்று இறுகுகிறது என்பதும் அதே குழுவின் கண்டுபிடிப்பு.

இதை மேலோட்டமாகப் பார்த்தால் 'பெருக்கம் நின்றது, அதனால் கொழுப்புத் தயாரிப்பும் நின்றது' என்று முடித்துவிடலாம். அதில் உண்மை உண்டு. பட்டினி போட்டாலும் பிரிதல் நிற்கும், தயாரிப்பு குறையும். ஆனால் அந்தச் செல் நியூட்ரோஃபில் ஆகிவிடாது. எனவே மொத்த அளவு குறைவது முதிர்வின் பின்விளைவு என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கொழுப்பு எவ்வளவு விகிதத்தில் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உட்கருவின் மடல்களை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நியூட்ரோஃபிலின் உட்கரு மடல் மடலாகப் பிரிவதற்கு லாமின் பி ஏற்பி என்ற புரதம் போதுமான அளவில் வேண்டும். எச்எல்-60 முதிரும்போது அதன் அளவு கூடுகிறது. மனிதரில் அந்தப் புரதத்தின் மரபணு பழுதானால் பெல்கர்-ஹூயெட் என்ற நிலை உண்டாகிறது, நியூட்ரோஃபில் உட்கரு சரியாக மடல் பிரியாது. 2002-இல் இந்தத் தொடர்பு நிறுவப்பட்டது. இந்தப் புரதம் உட்கரு உறையைப் பிடித்து நிறுத்தும் வேலையை மட்டும் செய்யவில்லை. அதன் ஒரு பாதி ஸ்டெரால் ரிடக்டேஸ் நொதி, அதாவது கொலஸ்ட்ரால் தயாரிப்புப் பாதையில் ஒரு படியை நடத்தக்கூடியது. நுண்ணோக்கியில் நாம் முதிர்வின் முத்திரையாகப் பார்க்கும் வடிவமே, ஸ்டெரால் நொதியாகவும் இருக்கும் ஒரு புரதத்தைச் சார்ந்து நிற்கிறது. சவ்வுக் கொழுப்பை ஓரமாக வைத்துவிட்டு முதிர்வைப் பேச முடியாது என்பதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று கிடைப்பது அரிது.

முதல் இரண்டு மணி நேரம்

காரணமா விளைவா என்ற கேள்விக்கு வருவோம். விளைவு என்றால் தாமதமாக வரும். ஐந்தாறு நாள் நடக்கும் முதிர்வில் முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே ஒரு கொழுப்பு மாறினால் அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ஒகசாகி, பெல், ஹன்னுன் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்ட ஒரு மாற்றத்தைப் பிடித்தது. எச்எல்-60 செல்களுக்கு 100 நானோமோலார் அளவில் செயல்படும் வைட்டமின் டி3 கொடுத்தபோது, சவ்விலிருந்த ஸ்பிங்கோமயலின் என்ற கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு மணி நேரத்துக்குள் சிதைந்தது. நான்கு மணி நேரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. சிதைவின்போது அதன் துண்டுகளான செராமைடும் பாஸ்ஃபோகோலினும் வெளிப்பட்டன, அதைச் செய்த ஸ்பிங்கோமயலினேஸ் நொதியின் வேகமும் கூடியது. மானோசைட் குணங்கள் தெரிய இன்னும் நாள்கணக்காகும். அதற்கு வெகு முன்பே சவ்வில் ஒரு கொழுப்பு வந்து போய்விட்டது.

வந்து போனது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது. அடுத்த ஆண்டு அதே குழு செய்த சோதனைதான் வலுவானது. செல்லுக்குள் எளிதில் நுழையும்படி குட்டையான கொழுப்பு அமில வால் கொண்ட செராமைடைச் செயற்கையாகத் தயாரித்து, வைட்டமின் இல்லாமலேயே நேராகச் செல்லுக்குக் கொடுத்தார்கள். செல் முதிர்ந்தது. பின்னர் 1993-இல் வந்த ஆய்வு ஒரு படி மேலே போனது. செராமைடின் முதுகெலும்பில் ஓர் இடத்தில் இருக்கும் இரட்டைப் பிணைப்பை மட்டும் எடுத்துவிட்டால் கிடைப்பது டைஹைட்ரோசெராமைடு. அது செல்லுக்குள் போனாலும் செராமைடின் வேலையைச் செய்யவில்லை. கொழுப்பு என்றால் எண்ணெய்ப் படலம், எதைச் சேர்த்தாலும் சவ்வு கலைந்து ஏதாவது நடக்கும் என்று வாதிட இதற்குப் பிறகு இடமில்லை. ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பை அடையாளம் காணும் அளவுக்கு நுட்பமான ஏதோ ஒன்று செல்லுக்குள் இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று, இந்த ஸ்பிங்கோமயலின் சுழற்சி முதிர்வு எல்லாவற்றுக்கும் பொதுவான சாவி கிடையாது. வைட்டமின் டி3, கட்டி நசிவுக் காரணி (டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம்) போல மானோசைட் பக்கம் தள்ளும் பொருள்களே அதைத் தூண்டுகின்றன. நியூட்ரோஃபில் பக்கம் தள்ளும் ரெட்டினாயிக் அமிலம் அதைத் தூண்டவில்லை. இன்னொன்று, செராமைடு கொல்லவும் செய்யும். லுகேமியா செல்களில் செராமைடு தற்கொலை இறப்பைத் தூண்டுகிறது என்று 1993-இல் காட்டப்பட்டது. அளவு, நேரம், செல்லின் நிலை இவற்றைப் பொறுத்து அதே மூலக்கூறு ஒரு செல்லை முதிரச் சொல்லும், இன்னொன்றைச் சாகச் சொல்லும்.

ஃபோர்பால் எஸ்டரின் கதையும் இதே குடும்பம். அந்தப் பொருள் செல்லுக்குள் டைஅசைல்கிளிசரால் என்ற சவ்வுக் கொழுப்பின் வேடத்தில் புரதக் கைனேஸ் சி என்ற, செய்தி கடத்தும் நொதியைத் தூண்டுகிறது. 1982-இல் நிஷிசுகா குழு காட்டிய இயக்கம் அது. 1986-இல் மெரில் குழு ஸ்பிங்கானின் போன்ற நீள்சங்கிலிக் காரங்களைச் சேர்த்தபோது ஃபோர்பால் எஸ்டரால் நடக்கும் எச்எல்-60 முதிர்வு தடைப்பட்டது. ஒரு வகைக் கொழுப்பு முன்னே தள்ள, இன்னொரு வகை பின்னே இழுக்கிறது. முதிர்வின் ஆரம்பக் கட்டத்தில் சவ்வு இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும் தளமாக இல்லை, செய்தியையே எழுதி அனுப்பும் இடமாக இருக்கிறது.

லாக்டோசில்செராமைடு என்ற முச்சந்தி

செராமைடின் மேல் ஒரு குளுக்கோஸ் ஏறினால் குளுக்கோசில்செராமைடு. அதன் மேல் ஒரு காலக்டோஸ் ஏறினால் லாக்டோசில்செராமைடு. அதுவரை ஒரே பாதை. அங்கிருந்து பிரிகிறது. சியாலிக் அமிலம் ஏறினால் ஜிஎம்3 என்ற கேங்லியோசைடு (சியாலிக் அமிலம் தாங்கிய சர்க்கரைக் கொழுப்பு) கிடைக்கும். அதற்குப் பதிலாக என்-அசிட்டைல்குளுக்கோசமைன் ஏறினால் நியோலாக்டோ தொடர் என்ற வேறொரு குடும்பத்தின் வாசல் திறக்கும். எதுவும் ஏறாவிட்டால் லாக்டோசில்செராமைடாகவே நின்றுவிடும். முதிர்ந்த நியூட்ரோஃபிலில் கிளைக்கோஸ்பிங்கோலிப்பிடுகளின், அதாவது இப்படிச் சர்க்கரை ஏறிய கொழுப்புகளின், பெரும்பங்கு அப்படி நின்றுவிட்டதுதான்.

எச்எல்-60 எந்தப் பக்கம் முதிர்கிறதோ அதற்கேற்ப இந்த முச்சந்தியில் திசை மாறுகிறது. ஃபோர்பால் எஸ்டர் கொடுத்து மேக்ரோஃபேஜ் பக்கம் அனுப்பினால் ஜிஎம்3 தெளிவாகக் கூடுகிறது. நியூட்ரோஃபில் பக்கம் அனுப்பினால் நியோலாக்டோ தொடர் கேங்லியோசைடுகள் கூடுகின்றன. நொஜிரி, சைட்டோ ஆகியோரின் குழு 1986-இல் ஒரு துணிச்சலான கேள்வி கேட்டது: தூண்டும் மருந்து எதுவுமே இல்லாமல் ஜிஎம்3-ஐ மட்டும் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால்? எச்எல்-60, யு937 என்ற இன்னொரு லுகேமியா செல் வரிசை இரண்டுமே மானோசைட் பக்கம் முதிர்ந்தன. 1988-இல் நியோலாக்டோ தொடர் கேங்லியோசைடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எச்எல்-60 இந்த முறை கிரானுலோசைட் பக்கம், அதாவது நியூட்ரோஃபில் குடும்பத்தின் பக்கம், போனது. சர்க்கரைத் தலையை மாற்றினால் செல்லின் எதிர்காலமே மாறுகிறது.

இந்த இரட்டைச் சோதனைதான் என் கணிப்பில் இந்தத் துறையின் மிக அழகான வாதம். ஜிஎம்3 மட்டும் வேலை செய்திருந்தால், வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று செல்லைச் சீண்டிவிட்டது என்று ஒதுக்கியிருக்கலாம். இரண்டு கொழுப்புகள், இரண்டு திசைகள், ஒவ்வொன்றும் தான் இயல்பாகக் கூடும் திசைக்கே செல்லைத் தள்ளுகிறது என்றால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. பின்னர் வந்த மூலக்கூறு ஆய்வுகள், ஜிஎம்3 தயாரிக்கும் நொதியின் மரபணு ஃபோர்பால் எஸ்டரால் தூண்டப்படுவதையும் அதில் கிரெப் என்ற படியெடுப்புக் காரணி ஈடுபடுவதையும் காட்டின. முச்சந்தியில் நிற்கும் காவலர் யார் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது.

நோயாளிகளிடமும் இதன் தடயம் உண்டு. நியோலாக்டோ பாதையின் முதல் படியில் உண்டாகும் லாக்டோட்ரையாவோசில்செராமைடு, தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் அதிகமாகத் தேங்கியிருப்பதாக 2012-இல் ஒரு ஆய்வு அறிவித்தது. சாதாரணமாகப் பாதையைக் கடக்கும்போது சிறிது நேரமே இருக்க வேண்டிய இடைப்பொருள் அது. லுகேமியா என்பதே முதிர்வு பாதியில் நின்ற நோய். சவ்வின் சர்க்கரைக் கொழுப்பிலும் அதே பாதி நிறுத்தம் தெரிகிறது.

எங்கே குறை நிற்கிறது

இனி அந்த 'இல்லை'.

நியூட்ரோஃபிலின் லாக்டோசில்செராமைடு சும்மா இருப்பதில்லை. பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள பீட்டா-குளுக்கானை அது அடையாளம் காண்கிறது. சவ்வில் சிறு திட்டுகளாகக் கூடி நின்று, உள்பக்கம் இருக்கும் லின் என்ற கைனேஸோடு இணைந்து, 'சூப்பராக்சைடு வெளியிடு' என்ற கட்டளையை உள்ளே அனுப்புகிறது. லாக்டோசில்செராமைடைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை நியூட்ரோஃபில் மீது போட்டாலே இந்த வினை நடக்கும்.

டைமெத்தில் சல்ஃபாக்சைடால் முதிரவைத்த எச்எல்-60 மீது அதே எதிர்ப்பொருளைப் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், தேவையான பொருள் எல்லாம் அங்கே இருக்கிறது. லாக்டோசில்செராமைடு மேற்பரப்பில் இருக்கிறது. லின் இருக்கிறது. சூப்பராக்சைடு உண்டாக்கும் இயந்திரமும் இருக்கிறது. ஃபோர்பால் எஸ்டரால் தூண்டினால் அது நன்றாகவே ஓடும், என்பிடி சோதனையில் செல் கருநீலமாகும். இருந்தும் இந்த ஒரு பாதை மட்டும் ஊமையாக இருக்கிறது.

காரணத்தை 2008-இல் இவாபுச்சி குழு கண்டுபிடித்தது. வித்தியாசம் சர்க்கரைத் தலையில் இல்லை, சவ்வுக்குள் புதைந்திருக்கும் வாலில் இருக்கிறது. உண்மையான நியூட்ரோஃபிலின் பிளாஸ்மா சவ்வில் உள்ள லாக்டோசில்செராமைடில் 24 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள்தான் அதிகம். முதிர்ந்த எச்எல்-60-இல் பெரும்பாலும் 16 கார்பன் வால். எட்டே கார்பன் வித்தியாசம். 24 கார்பன் வால் கொண்ட லாக்டோசில்செராமைடை வெளியிலிருந்து அந்தச் செல்லின் சவ்வில் ஏற்றியதும் ஊமைப் பாதை பேச ஆரம்பித்தது. எதிர்ப்பொருளுக்குச் செல் பதில் தந்தது, சூப்பராக்சைடு வெளிவந்தது, நகர்வும் உண்டானது. லின் கைனேஸைச் செல்லில் அடக்கிவிட்டால் இந்த மீட்சி நடக்கவில்லை.

ஏன் நீளம் இவ்வளவு முக்கியம்? சவ்வு இரண்டு அடுக்காக இருக்கிறது. லாக்டோசில்செராமைடு வெளி அடுக்கில், லின் உள் அடுக்கில். 16 கார்பன் வால் வெளி அடுக்குக்குள்ளேயே முடிந்துவிடும். 24 கார்பன் வால் நடுக்கோட்டைத் தாண்டி உள் அடுக்குக்குள் நீண்டு, லின் தன்னைச் சவ்வில் பொருத்திக்கொள்ளும் கொழுப்பு அமில வாலோடு உரச முடியும். வெளியே நடந்ததை உள்ளே சொல்ல நடுவில் புரதம் எதுவும் இல்லாதபோது, அந்த நீண்ட வால்தான் பாலம்.

இதையும் முதிர்ந்த எச்எல்-60-இன் இன்னொரு பழைய குறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூட்ரோஃபிலில் இருக்கும் இரண்டாம் நிலை நுண்மணிகள் (கிருமி எதிர்ப்புப் புரதங்களைச் சுமக்கும் சிறு பைகள்) இந்தச் செல்லில் உண்டாவதில்லை, அவற்றில் இருக்க வேண்டிய லாக்டோஃபெரினும் இல்லை. லாக்டோசில்செராமைடின் பெரும்பகுதி நியூட்ரோஃபிலில் நுண்மணிகளின் சவ்வில்தான் சேமிக்கப்படுகிறது. நுண்மணிக் குறையும் வால் நீளக் குறையும் தனித்தனி விபத்துகளா அல்லது ஒரே நின்றுபோன படியின் இரண்டு முகங்களா என்பது நல்ல கேள்வி. எனக்கு இரண்டாவதே சரி என்று படுகிறது.

கொழுப்பு அமிலப் பற்றாக்குறை இன்னொரு இடத்திலும் வெளிப்படுகிறது. மனித நியூட்ரோஃபிலில் கோலின் பாஸ்ஃபோலிப்பிடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் ஈதர் பிணைப்புக் கொண்டவை. செல்லின் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு இவற்றில்தான் தங்கியிருக்கும். தொற்று வந்ததும் ஒரு பாஸ்ஃபோலிப்பேஸ் அந்த அமிலத்தை வெட்டி எடுக்கும். வெட்டப்பட்ட அமிலம் லூகோட்ரையீன் ஆகும், எஞ்சிய ஈதர் கொழுப்பு தட்டணுத் தூண்டுக் காரணி ஆகும். ஒரே வெட்டில் அழற்சியைத் தூண்டும் இரண்டு ஆயுதங்கள். எச்எல்-60 முதிரும்போது லூகோட்ரையீன் தயாரிக்கும் 5-லிப்பாக்சிஜனேஸ் போன்ற நொதிகள் ஒழுங்காகவே தோன்றுகின்றன. ஆனால் வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் கன்றுக்கரு சீரத்தில் அராகிடோனிக் அமிலம் குறைவு, அதனால் சவ்விலும் குறைவு. முதிர்ந்த செல் தட்டணுத் தூண்டுக் காரணியைச் சரியாகத் தயாரிக்காமல் தடுமாறுகிறது. அராகிடோனிக் அமிலம் சேர்த்து வளர்த்தால் தயாரிப்பு மீள்கிறது. ஃபிரெட் ஸ்னைடரின் குழு 1990-இல் இந்த இயக்கத்தைத் தெளிவாக்கியது: அந்தப் பாஸ்ஃபோலிப்பேஸ் அராகிடோனிக் போன்ற பல இரட்டைப் பிணைப்பு அமிலங்களைத் தேடி வெட்டுகிறது, அது இல்லாத இடத்தில் கத்தி வைப்பதில்லை.

இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அராகிடோனிக் அமிலக் குறை பெரும்பாலும் வளர்ப்புத் தட்டின் குறை, ஊடகத்தை மாற்றினால் சரியாகிறது. வால் நீளக் குறை செல்லுக்குள்ளேயே இருக்கும் குறை. முதலாவதைக் கவனிக்காமல் 'லுகேமியா செல்லின் கொழுப்பு இப்படி' என்று எழுதுபவர் பாதி நேரம் சீரத்தின் கொழுப்பைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்.

எரிபொருள் பக்கம்

சவ்வுக்குப் போகாத கொழுப்பைப் பற்றிச் சுருக்கமாக. இயல்பான நியூட்ரோஃபில் முன்னோடிகளில் 2017-இல் வெளியான ஆய்வு, தன்விழுங்கல் (செல் தன் உள்பொருள்களைத் தானே செரிப்பது) மூலம் சேமிப்புக் கொழுப்புத் துளிகள் உடைக்கப்பட்டுக் கொழுப்பு அமிலங்கள் வெளிவர வேண்டும், அவை மைட்டோகாண்ட்ரியாவில் எரிய வேண்டும், இல்லையேல் முதிர்வு நின்றுவிடும் என்று காட்டியது. தன்விழுங்கல் மரபணு நீக்கப்பட்ட முன்னோடிகளில் கொழுப்புத் துளிகள் தேங்கின, செல் குளுக்கோஸ் சிதைவையே நம்பி நின்றது. வெளியிலிருந்து கொழுப்பு அமிலம் கொடுத்தபோது முதிர்வு மீண்டது. பெருகும் செல் கொழுப்பைக் கட்டுகிறது, முதிரும் செல் அதை உடைத்து எரிக்கிறது. கூப்பர் குழு பார்த்த தயாரிப்புக் குறைவை இதோடு சேர்த்து வாசித்தால், அது வெறும் ஓய்வு என்று தோன்றவில்லை, திசை திரும்பல் என்றே தோன்றுகிறது.

நோயாளிகளிடம் இதற்கு என்ன இடம்

முதிரவைக்கும் சிகிச்சை ஏட்டளவில் நின்றுவிட்ட யோசனை கிடையாது. ஷாங்காயில் வாங் சென்-யி, ஹுவாங் மெங்-எர் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட அறிக்கையில், புரோமைலோசைட் லுகேமியா நோயாளிகள் 24 பேரும் முழுத் தணிவு அடைந்தார்கள். அவர்களில் 23 பேருக்கு முழு-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் மட்டுமே போதுமானதாக இருந்தது. பின்னர் ஆர்செனிக் ட்ரையாக்சைடும் சேர்ந்து, ஒரு காலத்தில் மிக வேகமாக உயிரைப் பறித்த இந்த லுகேமியாவைப் பெரும்பாலானவர்களுக்குக் குணமாக்கக்கூடியதாக மாற்றியது. மற்ற மைலாய்டு லுகேமியாக்களில் ரெட்டினாயிக் அமிலம் தனியாக இப்படி வெல்லவில்லை.

சிகிச்சையின் ஓர் ஆபத்தும் சவ்வோடு சம்பந்தப்பட்டது என்றே நினைக்கிறேன். லுகேமியா செல்கள் கூட்டமாக முதிரத் தொடங்கும்போது சிலருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலில் ஊடுருவல், உடலில் நீர் தேங்கல் எல்லாம் சேர்ந்து வரும். முதிர்வு நோய்க்கூட்டம் என்று அதைச் சொல்கிறார்கள், டெக்சாமெத்தசோனை உடனே தொடங்குவது வழக்கம். முதிரும் செல்கள் திசுவில் ஒட்டவும் ஊடுருவவும் புதிதாகத் திறமை பெறுவதும், அழற்சிச் செய்திகளைக் கொட்டுவதும் அதன் பின்னணியில் உள்ளன. மேலே பார்த்த லூகோட்ரையீன், ஈதர் கொழுப்பு, கிளைக்கோஸ்பிங்கோலிப்பிடு எல்லாமே ஒட்டுதலுக்கும் அழற்சிக்கும் கருவிகள். பாதி முதிர்ந்த சவ்வில் எந்தக் கருவி வந்துவிட்டது, எது வரவில்லை என்பது நோயாளியின் நுரையீரலில் போய் எதிரொலிக்கக்கூடிய விஷயம்.

எனவே எச்எல்-60-இலும், நோயாளிகளிடமிருந்து நேராக எடுத்த லுகேமியா செல்களிலும் ஒரே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். செராமைடுக்கு 22 முதல் 24 கார்பன் வால்களைப் பொருத்துவது செராமைடு சிந்தேஸ் 2 என்ற நொதி. 16 கார்பன் வால்களைப் பொருத்துபவை 5, 6 என்ற வேறு இரண்டு. முதிர்வைத் தூண்டிய பிறகு நாள்தோறும் இந்த மூன்றின் அளவையும், லாக்டோசில்செராமைடின் வால் நீளத்தையும் நிறமாலைமானியில் பக்கத்துப் பக்கமாக அளக்க வேண்டும். முதிர்ந்த எச்எல்-60-இல் 2-ஆம் நொதியைச் செயற்கையாகக் கூட்டினால், வெளியிலிருந்து எதையும் ஏற்றாமலே அந்த எதிர்ப்பொருள் பாதை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பேசினால் குறை அந்த ஒரு நொதியில். பேசாவிட்டால், நீண்ட வால் தயாரானாலும் மேற்பரப்புக்கு ஏற்றி வர வழி இல்லை என்று பொருள், சந்தேகம் நேராக அந்த உண்டாகாத இரண்டாம் நிலை நுண்மணிகள் பக்கம் திரும்பும். அதுவரை, என்பிடி சோதனையில் கருநீலமான எச்எல்-60-ஐ 'நியூட்ரோஃபில் போன்ற செல்' என்று கட்டுரையில் எழுதுபவர்கள், அதே வரியில் அதன் லாக்டோசில்செராமைடு 16 கார்பன் வால் கொண்டது என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது.